இலையும் பழமும் ஒரே தம்ளரில்



டவுன் பக்கம் போனால் பழரசக் கடைகளிலே ஒரு புதுச் சரக்கைப் பார்த்திருப்பீர்கள். பச்சைப் பசேலென்று, குளத்துப் பாசியைக் கரைத்து ஊற்றின மாதிரி ஒரு பானம். 'கிரீன் ஸ்மூத்தி' என்று பலகையில் எழுதித் தொங்கவிட்டிருப்பார்கள். காலைப் பலகாரத்துக்குப் பதிலாக இதைத்தான் இப்போது பலபேர் குடிக்கிறார்களாம். விலையைக் கேட்டால் நமக்குத் தலை சுற்றும். உள்ளே என்னதான் இருக்குது என்று பார்த்தால், ஒரு கைப்பிடி கீரை, ஒரு பழம், கொஞ்சம் தண்ணீர். எல்லாமே நம்ம வேலியோரத்தில் கிடைக்கிற சமாச்சாரம்.

"இது பட்டணத்துப் பகட்டா, இல்லை நிஜமாகவே சத்து இருக்குதா?" என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். கீரையை அரைத்துப் பழத்தோடு சேர்த்துக் குடிக்கிற இந்தப் பழக்கம் எங்கிருந்து வந்தது என்கிற வரலாற்றைத் தெரிந்துகொண்டால் இதற்குப் பதில் கிடைத்துவிடும். தம்ளரில் என்ன போடணும், என்ன போடக் கூடாது என்பதும் விளங்கிவிடும். அந்த வரலாற்றின் முதல் பாதி நம்ம நீலகிரி மலையிலே நடந்தது. அதனால் அங்கிருந்தே ஆரம்பிப்போம்.

1918-ஆம் வருஷம், குன்னூரில் இருக்கிற பாஸ்டர் நிலையத்தில், ஒரே ஒரு அறையில் ஓர் ஆராய்ச்சி தொடங்கியது. தொடங்கினவர் ராபர்ட் மக்கரிசன் என்ற டாக்டர். அரிசியே கதியென்று இருந்த மக்களைக் காலும் நரம்பும் செயலிழக்கப் பண்ணின 'பெரிபெரி' என்னும் வியாதிக்குக் காரணம் கண்டுபிடிப்பதுதான் முதலில் வேலை. அந்த ஒற்றை அறைதான் வளர்ந்து, 1928-இல் உணவுச் சத்து ஆராய்ச்சிக்கூடமாக ஆனது. 1958-இல் அது ஹைதராபாத்துக்குப் போய்விட்டது. 1969 முதல் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் என்று அதற்குப் பெயர்.

மக்கரிசன் செய்த ஒரு சோதனை இன்றைக்கும் நம்மைக் கொஞ்சம் சுருக்கென்று தைக்கும். ஒரே வயசு எலிக்குஞ்சுகளைக் கூட்டம் கூட்டமாகப் பிரித்தார். இந்தியாவின் ஒவ்வொரு பகுதி மக்களும் என்ன சாப்பிடுகிறார்களோ, அதையே ஒவ்வொரு கூட்டத்துக்கும் போட்டு வளர்த்தார். சீக்கியர் சாப்பாடு ஒரு கூட்டத்துக்கு, பட்டாணியர் சாப்பாடு ஒரு கூட்டத்துக்கு, மராட்டியர், கூர்க்கர், வங்காளி, கன்னடத்தார் என்று வரிசையாக வைத்து, சென்னை ராஜதானிச் சாப்பாட்டையும் ஒரு கூட்டத்துக்குக் கொடுத்தார். கோதுமை ரொட்டி, பால், வெண்ணெய், பருப்பு, பச்சைக் காய்கறி தின்ற சீக்கியக் கூட்டத்து எலிகள் கொழுகொழுவென்று வளர்ந்தன. நம்ம பக்கத்துச் சாப்பாடு தின்ற எலிகள் கடைசி வரிசையில் நின்றன. தீட்டின அரிசியும் புளித்தண்ணியும்தான் அதிகம். பால் ரொம்பக் குறைவு. எலி பொய் சொல்லாது பாருங்கள்!

1935-இல் மக்கரிசன் ஓய்வு பெற்ற பிறகு அய்க்ராய்ட் என்பவர் பொறுப்புக்கு வந்தார். அவர் காலத்தில், 1937-இல், இந்திய உணவுப் பொருள்களின் சத்து அட்டவணை ஒன்று சின்னப் புத்தகமாக வெளிவந்தது. நம்ம ஊர்க் கீரைகளின் பெருமை எண்ணிக்கையாக அச்சில் ஏறத் தொடங்கியது அந்த வரிசைப் புத்தகங்களில்தான். பின்னால் ஹைதராபாத்திலிருந்து வந்த பதிப்பைப் பாருங்கள். 100 கிராம் முருங்கைக்கீரையில் சுண்ணாம்புச் சத்து 440 மில்லிகிராம், வைட்டமின் சி 220 மில்லிகிராம், கரோட்டின் 6780 மைக்ரோகிராம் என்று போட்டிருக்கிறார்கள். கரோட்டின் என்பது செடியில் இருக்கிற பொருள். நம்ம உடம்பு அதைத்தான் வைட்டமின் ஏ-யாக மாற்றிக்கொள்கிறது. வைட்டமின் ஏ குறைந்தால் முதலில் மாலைக்கண் வரும். பொழுது சாய்ந்தால் குழந்தை தட்டுத் தடுமாறும். கவனிக்காமல் விட்டால் கண்ணே போய்விடும். முருங்கை மரம் வாசலில் நிற்கிற வீட்டிலேயே மாலைக்கண் குழந்தைகள் இருந்தார்கள் என்பதுதான் அந்தக் காலத்துக் கொடுமை. 1970-இல் அரசாங்கம் சிறு குழந்தைகளுக்கு ஆறு மாதத்துக்கு ஒரு தடவை வைட்டமின் ஏ திரவம் கொடுக்கும் திட்டத்தைத் தொடங்கியது அதனால்தான்.

"கீரை தின்னு, கண்ணுக்கு நல்லது" என்ற பாடத்தைக் குன்னூர் எலிகளும் அட்டவணைகளும் எழுதிவைத்துவிட்டன. அதை எப்படித் தின்பது என்று அவை சொல்லவில்லை. அந்தக் கதைக்குப் பிறகு வருகிறேன்.

இலையை அரைக்கிற யந்திரம் வந்தது வேறொரு திசையில். அமெரிக்காவில் விஸ்கான்சின் மாநிலத்தில் ரசீன் என்று ஓர் ஊர். ஹார்லிக் சகோதரர்கள் தங்கள் மால்ட் பால் பவுடரைத் தயாரித்த ஊர் அது. ஆமாம், காய்ச்சலில் படுத்தால் நமக்குக் கலக்கிக் கொடுப்பார்களே, அதே ஹார்லிக்ஸ்தான். சோடாக் கடைகளில் அந்தப் பவுடரைப் பாலில் கட்டியில்லாமல் கலக்குவதற்காக, ஸ்டீபன் போப்லாவ்ஸ்கி என்பவர் 1922-இல் ஒரு கருவிக்கு உரிமைப் பத்திரம் வாங்கினார். அதுவரை கலக்கும் கம்பி மேலேயிருந்து உள்ளே இறங்கும். இவர் சுழலும் கத்தியை ஜாடியின் அடியிலே கொண்டுவந்து வைத்தார். இன்றைக்கு நம்ம மிக்ஸி ஜாருக்கும் அதேதான் அமைப்பு. 1937-இல் பிரெட் வேரிங் என்ற வாத்தியக் குழுத் தலைவர், தான் பணம் போட்டுச் செய்யவைத்த கலக்கும் கருவியைச் சிகாகோ நகரத்து உணவு விடுதிக் கண்காட்சியில் காட்டினார். விலை 29 டாலர் 75 சென்ட். போலியோ தடுப்பு மருந்து ஆராய்ச்சியில் டாக்டர் சால்க்கூட இந்த வேரிங் யந்திரத்தைப் பயன்படுத்தியிருக்கிறார்.

நம்ம நாட்டுக்கு அந்த யந்திரம் அப்படியே ஒத்துவரவில்லை. பாலும் பழமும் கலக்கத்தான் அது லாயக்கு. காய்ந்த மஞ்சளையும் ஊறின உளுந்தையும் போட்டால் மோட்டார் புகைந்துவிடும். பம்பாயில் சத்ய பிரகாஷ் மாத்தூர் என்ற என்ஜினீயரின் மனைவி வைத்திருந்த வெளிநாட்டு மிக்சர் கெட்டுப்போனது. அதைச் சரிபண்ண வழியில்லாமல் போகவே, அவர் நம்ம சமையலைத் தாங்குகிற மோட்டாரோடு ஒரு யந்திரம் செய்தார். 1963-இல் சுமீத் மிக்ஸி பிறந்த கதை அது. தமிழ்நாட்டில் 2011-இல் அரசு விலையில்லாமல் மிக்ஸி, கிரைண்டர், மின்விசிறி கொடுக்க ஆரம்பித்ததும் குடிசை வீட்டுக்குள்ளேயும் மிக்ஸி நுழைந்துவிட்டது. அமெரிக்காக்காரன் காசு கொடுத்து வாங்கின வசதி நம்ம அடுக்களை மூலையிலேயே சும்மா இருக்குது. சட்னி அரைத்த பிறகு அதற்கு நாள் முழுக்க ஓய்வுதான்!

ஸ்மூத்தி என்ற பெயரோடு பழப்பானம் ஒரு வியாபாரமாகப் பரவினதில் ஸ்டீவ் குனாவ் என்பவருக்குப் பெரிய பங்கு உண்டு. அவருக்குப் பால் ஒத்துக்கொள்ளாது. பால் சேர்க்காமல் பழத்தை அரைத்துக் குடித்துப் பார்த்தவர், 1973-இல் லூசியானா மாநிலத்தில் அதற்கென்றே கடை வைத்தார். அப்போதும் அதிலே கீரை கிடையாது. கீரையைச் சேர்த்து 'கிரீன் ஸ்மூத்தி' என்று ஊரறியச் செய்தவர் விக்டோரியா பூட்டென்கோ. ரஷ்யாவிலிருந்து அமெரிக்கா போய்க் குடியேறின அம்மாள். சிம்பன்சிக் குரங்குகள் பழத்தோடு நிறைய இலையும் தின்கின்றன, மனிதர்கள்தான் இலையைக் கைவிட்டுவிட்டோம் என்று அவருக்குத் தோன்றியது. பச்சை இலையை அப்படியே மெல்ல முடியவில்லை. அதனால் 2004-இல் அதை வாழைப்பழத்தோடு போட்டு அரைத்துவிட்டார். அடுத்த வருஷமே அதைப் பற்றிப் புத்தகமும் போட்டார். அந்த அம்மாள் விஞ்ஞானி இல்லை. அவர் சொன்ன எல்லாவற்றையும் நாம் அப்படியே ஏற்றுக்கொள்ள வேண்டியதும் இல்லை. ஆனால் கீரையின் பச்சை வாசனையைப் பழத்தின் இனிப்பு மூடிவிடும் என்று கண்டாரே, அது தாய்மார்களுக்குப் பெரிய உபகாரம். கீரையைக் கண்டால் வாயைப் பொத்திக்கொள்கிற பிள்ளைகூட இதைக் குடித்துவிடும்.

இந்த இடத்தில் நம்ம பக்கத்து வீட்டுக்காரர்களை மறந்துவிடக் கூடாது. காலையிலே இலைச்சாறு குடிப்பது இலங்கையில் பூட்டென்கோ அம்மாளுக்கு எவ்வளவோ முந்தின பழக்கம். சிங்களவர் 'கொல கெந்த' என்பார்கள். யாழ்ப்பாணத்தார் இலைக்கஞ்சி என்பார்கள். வல்லாரை, முடக்கொத்தான், முசுட்டை, முல்லை என்று கிடைக்கிற இலைகளை இடித்துச் சாறு எடுத்து, குழைய வெந்த அரிசிக் கஞ்சியிலே விட்டு, தேங்காய்ப்பால் சேர்த்துச் சூடாகக் குடிப்பார்கள். பக்கத்தில் ஒரு துண்டு பனங்கட்டி. ஒரு வாய் கஞ்சி, ஒரு கடி பனங்கட்டி. இந்தக் கஞ்சியில் தேங்காய்ப்பால் இருப்பதைக் கவனித்து வைத்துக்கொள்ளுங்கள். அது ருசிக்காகச் சேர்த்தது என்றுதான் தோன்றும். அதன் அருமை விஞ்ஞானத்துக்குப் புரிய நாளாயிற்று.

இப்போது முன்னே விட்ட கதைக்கு வருவோம்.

1995-இல் வைத்திய உலகத்துக்கு ஓர் அதிர்ச்சி காத்திருந்தது. இந்தோனேசியாவில் மேற்கு ஜாவா கிராமங்களில், பால் கொடுக்கும் தாய்மார்களை வைத்து ஒரு சோதனை நடத்தினார்கள். எல்லாரும் இரத்தச் சோகை உள்ளவர்கள். ஒரு பிரிவுக்குத் தினமும் கரும்பச்சைக் கீரை கொடுத்தார்கள். இன்னொரு பிரிவுக்கு அதே கரோட்டின் சேர்த்துச் செய்த பிஸ்கட் மாதிரிப் பண்டம். மூன்றாவது பிரிவுக்குச் சத்துச் சேர்க்காத வெறும் பண்டம். பன்னிரண்டு வாரம் கழித்து இரத்தத்தைச் சோதித்தால், பண்டத்தில் கரோட்டின் தின்ற தாய்மார்களுக்கு வைட்டமின் ஏ ஏறியிருந்தது. கீரை தின்றவர்களுக்கு ஏறவே இல்லை! குன்னூர் காலத்திலிருந்து "கீரை, கீரை" என்று தொண்டை கிழியச் சொன்ன எங்களைப் போன்றவர்களுக்கு எப்படி இருந்திருக்கும், நினைத்துப் பாருங்கள்.

அதே ஆராய்ச்சிக்காரர்கள் விடவில்லை. அடுத்து 7 முதல் 11 வயதுப் பள்ளிப் பிள்ளைகளிடம் பார்த்தார்கள். ஒரு பிரிவுக்குக் கீரை, ஒரு பிரிவுக்கு ஆரஞ்சு நிறப் பழங்கள். 1998-இல் வந்த அந்த முடிவு இன்னும் தெளிவாக இருந்தது. பழத்திலிருக்கிற கரோட்டின் 12 பங்கு சேர்ந்தால் உடம்பில் ஒரு பங்கு வைட்டமின் ஏ ஆகிறது. கீரையில் அதே ஒரு பங்குக்கு 26 பங்கு வேண்டியிருக்கிறது. அதற்கு முன்னால் எல்லாரும் 6 பங்குக்கு ஒரு பங்கு என்றுதான் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தோம்.

பேப்பரும் பென்சிலும் எடுத்துக்கொள்ளுங்கள். 100 கிராம் முருங்கைக்கீரையில் கரோட்டின் 6780. பழைய கணக்குப்படி 6-ஆல் வகுத்தால் 1130 வருகிறது. புதுக் கணக்குப்படி 26-ஆல் வகுத்தால் 260தான். மாம்பழத்துக்கு அட்டவணையில் 2743 போட்டிருக்கிறது. 12-ஆல் வகுத்தால் 228-க்கு மேலே வருகிறது. கீரையில் பாதிகூட இல்லாத மாம்பழம் கிட்டத்தட்ட அதே பலனைத் தருகிறது. ஒன்றிலிருந்து மூன்று வயது வரை உள்ள குழந்தைக்கு நாளைக்கு 400 வேணும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. 25 கிராம் கீரையை ஒரு பிள்ளை தின்கிறது என்று வையுங்கள், அதற்கு 65 கிடைக்கும். இதைப் பார்த்து முருங்கையை வெட்டிவிடாதீர்கள்! 65 என்பது அந்தத் துளிக் கீரைக்குச் சின்ன எண் இல்லை. காசு கொடுக்காமல் வருஷம் பூராவும் கிடைப்பது அதுதானே. மாம்பழம் மூன்று மாதத்தில் முடிந்துபோகும்.

ஏன் இப்படி ஆகிறது? பழத்தில் கரோட்டின் எண்ணெய்த் துளி மாதிரிக் கரைந்த நிலையில் இருக்கிறது. இலையிலோ, பச்சையத்தோடு பின்னி, கண்ணறைச் சுவருக்குள்ளே பூட்டி வைத்த மாதிரி இருக்கிறது. பல்லால் மெல்லுகிற அளவில் அந்தச் சுவர் முழுக்க உடைவதில்லை. குழந்தையின் பால்பல்லைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். பல இடங்களில் முழு இலையாகவே வெளியே வந்துவிடுவதைத் தாய்மார்களே பார்த்திருப்பீர்கள்.

அதே 1998-இல் சுமத்ரா தீவில் நடந்த இன்னொரு சோதனை பூட்டைத் திறக்கிற சாவியைக் காட்டியது. அங்கே மூன்றிலிருந்து ஆறு வயதுக் குழந்தைகளுக்குக் கரோட்டின் உள்ள உணவு கொடுத்தார்கள். சிலருக்குக் கூடவே கொழுப்பும் சேர்த்துக் கொடுத்தார்கள், சிலருக்கு வயிற்றுப் பூச்சி மருந்தும் கொடுத்தார்கள். கொழுப்பும் பூச்சி மருந்தும் சேர்ந்த இடத்தில் பலன் கூடியது. கரோட்டின் எண்ணெயில் கரைகிற பொருள், எண்ணெய் இல்லாமல் அது குடலைத் தாண்டாது. யாழ்ப்பாணத்துக் கிழவி இலைக்கஞ்சியில் ஊற்றின தேங்காய்ப்பால் இப்போது புரிகிறதா?

அரைப்பதைப் பற்றியும் சுவீடன் நாட்டிலே ஒரு சோதனை நடந்தது. லிங்ஷோப்பிங் பல்கலைக்கழகத்தார் 2019-இல் பசலை வகைக் கீரை ஒன்றைப் பல விதமாகச் சமைத்துப் பார்த்தார்கள். கண்ணுக்கு நல்லதான லூட்டின் என்ற சத்து எதிலே அதிகம் வெளிவருகிறது என்று அளந்தார்கள். நெடுநேரம் வேகவைத்ததில் குறைந்துபோனது. பச்சையாக அரைத்து, பாலோ தயிரோ மாதிரிக் கொழுப்புள்ளதைச் சேர்த்ததில் நன்றாக வெளிவந்தது. பட்டணத்துக் கடைக்காரர் தெரிந்து செய்கிறாரோ தெரியாமல் செய்கிறாரோ, கீரையைப் பொடியாக அரைப்பது சரியான காரியம்தான். அவர் விட்டுவிடுகிற விஷயம் கொழுப்பு. பழமும் கீரையும் தண்ணீரும் மட்டும் போட்டால் பாதிச் சத்து வீண்.

இரும்புச் சத்துக்கும் இந்தக் கூட்டு பொருந்தும். கீரையிலுள்ள இரும்பு லேசில் உடம்பில் ஒட்டாது. வைட்டமின் சி கூட இருந்தால் ஒட்டும். கீரையில் இருக்கிற வைட்டமின் சி அடுப்பில் ஏறினால் பெரும்பகுதி போய்விடும். பழத்தைப் பச்சையாகச் சேர்த்தால் அந்தக் குறை தீரும். கொய்யாவில் 100 கிராமுக்கு 212 மில்லிகிராம் வைட்டமின் சி என்று அட்டவணை சொல்கிறது. குடித்த கையோடு காப்பி, டீ குடித்தால் மட்டும் அந்த லாபம் போச்சு. ஒரு மணி நேரமாவது இடைவெளி விடுங்கள்.

நல்லதை மட்டும் சொல்லிவிட்டுப் போனால் தப்பு. இதே பச்சைப் பானத்தால் கெட்டவர்களும் உண்டு. 2006 செப்டம்பரில் அமெரிக்காவில் பையில் அடைத்து விற்ற பச்சைக் கீரையைத் தின்று ஏறத்தாழ 200 பேர் படுத்தார்கள். 26 மாநிலங்களில் பரவியது, 3 பேர் இறந்தார்கள். ஈ.கோலி என்னும் கிருமியில் ஒரு கொடிய வகை. தேடிப் போனவர்கள் கலிபோர்னியாவில் ஒரு வயலில் போய் நின்றார்கள். சுற்றுப்புறத்து மாட்டுச் சாணத்திலும், காட்டுப் பன்றியின் எச்சத்திலும், ஆற்று நீரிலும் அதே கிருமி இருந்தது. சமைத்துத் தின்றிருந்தால் செத்திருக்கும் கிருமி. பச்சையாகத் தின்றதால் வந்த வினை.

கீரை பயிர் பண்ணுகிறவர்கள் இதைக் காதில் போட்டுக்கொள்ளணும். உங்கள் கீரையை வாங்குகிறவர் அதைக் கடைந்துதான் சாப்பிடுவார் என்று இனிமேல் நம்ப முடியாது, பச்சையாக அரைத்துக் குடிக்கவும் செய்வார். அதனால் சாக்கடை கலந்த தண்ணீரைக் கீரைப் பாத்திக்கு விடாதீர்கள். பச்சைச் சாணியைக் கரைத்து இலைமேல் தெளிக்காதீர்கள். நன்றாக மக்கின எருவை விதைப்புக்கு முன்னால் மண்ணோடு கலந்துவிடுங்கள். மருந்து அடித்தால் டப்பாவில் போட்டிருக்கிற காத்திருப்பு நாள் கழியாமல் அறுக்காதீர்கள். இருபது இருபத்தைந்து நாளில் அறுக்கிற பயிருக்கு மருந்தே அடிக்காமல் இருப்பது உத்தமம். அறுத்த கட்டை வாய்க்காலில் முக்கி எடுப்பது நம்ம வழக்கம். அந்த வாய்க்கால் எங்கேயிருந்து வருது என்று ஒரு தடவை மேலே நடந்துபோய்ப் பார்த்துவிட்டு வாருங்கள்.

இன்னொரு ஆபத்து ஆக்சலேட். பாலக்கிலும் தண்டுக்கீரை இனங்களிலும் இது அதிகம். அளவோடு போனால் ஒன்றுமில்லை. 2018-இல் ஓர் அமெரிக்க வைத்தியச் சஞ்சிகையில் ஒரு பெண்மணியின் கேஸ் வெளிவந்தது. ஏற்கெனவே வயிற்றில் ஆபரேஷன் ஆனவர். 'உடம்பைச் சுத்தம் பண்ணுகிறேன்' என்று ஆக்சலேட் மிகுந்த பச்சைப் பானமாகவே குடித்துச் சிறுநீரகத்தைக் கெடுத்துக்கொண்டார். சிறுநீரகக் கல் வந்தவர்களும், இரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்களும் டாக்டரைக் கேட்காமல் இதைத் தொடக் கூடாது. சுரைக்காய்ச் சாறும் இதில் சேர்த்தி. 2010-இல் டெல்லியில் கசந்த சுரைக்காய்ச் சாற்றைக் குடித்து ஒருவர் இறந்துபோனார். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் குழு வைத்து ஆராய்ந்து, கசக்கிற சுரைச்சாற்றைக் குடிக்கவே கூடாது என்று சொன்னது. 'கசப்பு உடம்புக்கு நல்லது' என்ற பழமொழியைச் சுரைக்காயிடம் காட்டாதீர்கள். நாக்கில் கசந்தால் துப்பிவிடுங்கள்.

இனி நாலு பேருக்கு எப்படிச் செய்வது என்று சொல்கிறேன்.

இளசாக உருவின முருங்கைக்கீரை இரண்டு கைப்பிடி. நாலைந்து தண்ணீரில் அலசி, கொதிக்கிற வெந்நீரில் ஒரு நிமிஷம் மட்டும் முக்கி எடுங்கள். சுவீடன்காரர் பச்சையாகப் போடு என்கிறார். அவர் ஊர்த் தண்ணீர் வேறு, நம்ம ஊர்த் தண்ணீர் வேறு. ஒரு நிமிஷ வெந்நீரில் கொஞ்சம் சத்துப் போனால் போகட்டும், கிருமி குறையும், பச்சை நெடியும் அடங்கும். தண்டுக்கீரை, பாலக் போடுவதானால் இன்னும் சற்று நேரம் வேகவிட்டு, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிடுங்கள். முருங்கை இல்லாத நாளில் வல்லாரை போடலாம், அதைப் பாதி அளவு போட்டால் போதும், அதற்குத் துவர்ப்பு உண்டு.

முதலில் கீரையையும், இரண்டு மேசைக்கரண்டி தேங்காய்த் துருவலையும், நாலைந்து புதினா இலையையும் கொஞ்சம் தண்ணீர் விட்டு மைய அரையுங்கள். தாய்மார்கள் பலபேர் எல்லாவற்றையும் ஒன்றாகக் கொட்டிவிடுவதால்தான் பழம் கூழாகிக் கீரை மட்டும் திப்பிதிப்பியாக நிற்கிறது. கீரை மசிந்த பிறகு, பழுத்த பப்பாளித் துண்டு இரண்டு கப், கொட்டை நீக்கின கொய்யா ஒன்று, வாழைப்பழம் ஒன்று போட்டு இரண்டு தம்ளர் காய்ச்சி ஆறின தண்ணீர் விட்டு இன்னொரு சுற்று. கொய்யாக் கொட்டையை எடுக்காவிட்டால் பல்லில் நறநறக்கும். மாம்பழக் காலத்தில் பப்பாளிக்குப் பதில் மாம்பழம். அரை மூடி எலுமிச்சை பிழியுங்கள். சர்க்கரை வேண்டாம், வாழைப்பழம் போதும். வடிகட்டாதீர்கள், நார்ச்சத்து சல்லடையிலே தங்கிவிடும். அரைத்த அரைமணிக்குள் குடித்துவிடுங்கள். மிச்சம் வைத்து மத்தியானம் குடிப்பது கூடாது. மின்சாரம் இல்லாத நாளில் கீரையையும் தேங்காயையும் அம்மியில் துவையல் பதத்துக்கு அரைத்து, பழத்தைக் கையால் பிசைந்து கலந்தாலும் சரிதான். அம்மி எந்த மிக்ஸிக்கும் குறைந்ததில்லை.

இதைப் பலகாரத்துக்குப் பதிலாக வைத்துக்கொள்ள வேண்டாம். ஒரு தம்ளர் பச்சைப் பானத்தைக் குடித்துவிட்டு நாற்று நடப் போனால் பத்து மணிக்கே கண்ணைக் கட்டும். இதில் உடம்பு வளர்க்கிற புரதம் ரொம்பக் குறைவு. இட்லியோ கம்மங்கூழோ உங்கள் வழக்கம் எதுவோ அது இருக்கட்டும், கூட ஒரு பருப்போ முட்டையோ இருந்தால் நல்லது. இது அதற்குத் துணை.

ஆறு மாதம் வரைக்கும் குழந்தைக்குத் தாய்ப்பால் தவிர வேறொன்றும் கிடையாது. ஒரு வயசு தாண்டின பிள்ளைக்கு முதல் வாரம் மூன்று நாலு கரண்டி கொடுங்கள். அப்போது பழத்தைக் கூட்டி, கீரையைக் கால் பங்காகக் குறைத்து, பச்சை நிறமே தெரியாத மாதிரி அரையுங்கள். ஒத்துக்கொண்டால் வாரத்துக்கு வாரம் கீரையைக் கூட்டிக்கொண்டே போகலாம். பூச்சி மருந்து கொடுத்து ஆறு மாதம் ஆகியிருந்தால் ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேட்டு அதையும் கொடுத்துவிட்டு ஆரம்பியுங்கள். நீங்கள் அரைத்துப் போடுகிற கீரையைக் குழந்தை தின்னட்டும், வயிற்றுப் பூச்சி தின்ன வேண்டாம்.